ஃபோகசர் முழுக்க உள்ளே போயும் விண்மீன் கூர்மையாகவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: பழைய ஜப்பானியத் தயாரிப்பான நியூட்டன் வகைத் (ஆடியால் ஒளியைக் குவிக்கும்) தொலைநோக்கி ஒன்றை வாங்கிச் சீரமைத்து வருகிறேன். முதன்மை ஆடி 114 மி.மீ., குவியத் தொலைவு 900 மி.மீ. ஆடிக்குப் புதிதாக அலுமினியப் பூச்சு போட்டாயிற்று. பழைய ஃபோகசரின் (ஐபீஸை உள்ளும் வெளியும் நகர்த்திக் கூர்மையாக்கும் பகுதி) பற்கள் தேய்ந்திருந்தன. அதோடு அது 24.5 மி.மீ. ஐபீஸ்களுக்கானது (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்கள்). அதனால் அதைக் கழற்றிவிட்டு 2 அங்குல கிரேஃபோர்டு ஃபோகசர் பொருத்தினேன். 1.25 அங்குல ஐபீஸ்களை அதனுடன் வந்த அடாப்டரில் போட்டுப் பார்க்கிறேன். சுமார் 100 மீட்டர் தொலைவிலுள்ள செல்போன் கோபுரம் 25 மி.மீ. ஐபீஸில் அருமையாகத் தெரிகிறது. அப்போது ஃபோகசர் இன்னும் 3 மி.மீ. உள்ளே போக இடமிருக்கிறது. ஆனால் இரவில் முழுக்க உள்ளே தள்ளினாலும் விண்மீன் சிறு வட்டாகவே நிற்கிறது. கேனான் டி.எஸ்.எல்.ஆர். மாட்டினால் நிலாகூடப் பனிமூட்டம் போல்தான் தெரிகிறது. பூச்சு போட்டதில் ஆடியின் குவியத் தொலைவு மாறிவிட்டதா? குழலை அறுக்க வேண்டும் என்கிறார் நண்பர். அறுக்கலாமா? அளவுகள்: குழலின் வெளி விட்டம் 140 மி.மீ., உள் விட்டம் 136. ஃபோகசர் முழுக்க உள்ளே இருக்கும்போது அதன் உயரம் குழலின் மேற்பரப்பிலிருந்து 72 மி.மீ., அடாப்டரின் விளிம்பு இன்னொரு 8 மி.மீ. துணை ஆடியின் (ஒளியை ஃபோகசர் பக்கம் திருப்பும் சாய்ந்த சிறு ஆடி) சிறிய விட்டம் 27 மி.மீ. முதன்மை ஆடியின் தாங்கி குழலுக்குள் நுழைந்து, பக்கவாட்டில் மூன்று திருகுகளில் நிற்கிறது.

பதில்: அறுக்க வேண்டாம். அளவுகளை இவ்வளவு கவனமாக எழுதி அனுப்பியதற்கு நன்றி. விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதலில் ஆடியைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது குவியத் தொலைவை மாற்றாது. கண்ணாடியையே மறுபடி தேய்த்து மெருகேற்றியிருந்தால் மட்டுமே மாற வாய்ப்புண்டு. உறுதி செய்துகொள்ள வேண்டுமா? ஆடியைத் தனியே எடுத்து நிறுத்தி, எதிரே ஒரு டார்ச்சின் முகத்தில் ஊசித்துளையிட்ட அட்டையை ஒட்டி வையுங்கள். டார்ச்சுக்குப் பக்கத்திலேயே ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். ஆடியிலிருந்து இரண்டும் ஒரே தொலைவில் இருக்க, முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். துளையின் பிம்பம் தாளில் எங்கே கூர்மையாக விழுகிறதோ, அந்தத் தொலைவில் பாதிதான் குவியத் தொலைவு. உங்கள் ஆடிக்கு முழுத் தொலைவு 1800 மி.மீ. அருகில் வர வேண்டும்.

பிரச்சினை ஃபோகசரின் உயரத்தில் இருக்கிறது. பிம்பம் விழும் இடத்தை ஆடி தீர்மானித்துவிடுகிறது. ஐபீஸ் அந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய குட்டை ஃபோகசரில் அது போய்ச் சேர்ந்தது. புதியது உயரமாக இருப்பதால் ஐபீஸ் பிம்பத்துக்கு மேலேயே தட்டி நின்றுவிடுகிறது. தாங்கிக்குப் புதுத் துளைகள் போட்டு முதன்மை ஆடியைக் குழலின் வாயை நோக்கி நகர்த்துவதே தீர்வு. ஆடி நகரும் அளவுக்குப் பிம்பமும் வெளியே வரும்.

கோபுரம் தெரிந்து விண்மீன் தெரியாததற்குக் காரணமும் இதுதான். அருகிலுள்ள பொருளின் பிம்பம் விண்மீனின் பிம்பத்தைவிடச் சற்று வெளியே விழும். எவ்வளவு வெளியே என்றால், குவியத் தொலைவின் வர்க்கத்தைப் பொருளின் தொலைவால் வகுத்தால் ஏறக்குறைய வந்துவிடும். 900 மி.மீ. ஆடிக்கு 100 மீட்டரில் 8 மி.மீ.; 200 மீட்டரில் 4 மி.மீ.; ஒரு கிலோமீட்டரில் 1 மி.மீ.கூட இல்லை. உங்கள் கோபுரம் கூர்மையாகும்போது 3 மி.மீ. மீதம் இருந்தது. விண்மீனுக்கு 8 மி.மீ. உள்ளே போக வேண்டும். ஆகவே 25 மி.மீ. ஐபீஸுக்குக் குறைவது 5 மி.மீ.தான். பகலில் மரத்தையோ கோபுரத்தையோ பார்த்து ஃபோகசரின் இடத்தை முடிவு செய்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கோபுரத்தின் தொலைவு நீங்கள் குத்துமதிப்பாகச் சொன்னது. ஆகையால் துளையிடுவதற்கு முன் நிலாவை வைத்து நேரடியாக அளந்துவிடுங்கள். தடித்த அட்டையை அடாப்டருக்குள் வழுக்கிப் போகும் அளவுக்கு (ஏறக்குறைய 31 மி.மீ.) குழாயாகச் சுருட்டி ஒட்டுங்கள். அதன் ஒரு முனையில் டிரேசிங் தாளைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். ஃபோகசரை முழுக்க உள்ளே தள்ளி, தாள் ஒட்டிய முனை கீழே இருக்கும்படி அட்டைக் குழாயை இறக்குங்கள். நிலாவை நோக்கித் திருப்பினால் தாளில் 8 மி.மீ. அளவில் சின்ன நிலா விழும். அதன் கரும்பகுதிகளின் விளிம்பு கூர்மையாகும்வரை குழாயை மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. கூர்மையானதும் அடாப்டரின் விளிம்புக்கு நேராக அட்டையில் பென்சில் கோடு போட்டு, வெளியே எடுத்து, கோட்டிலிருந்து தாள்வரை அளங்கள். 25 மி.மீ. பிளாஸல் வகை ஐபீஸ்களில் பார்வை வட்டத்தின் விளிம்பு வளையம் பெரும்பாலும் தோள்பட்டைக்கு (அடாப்டர் விளிம்பில் உட்காரும் பகுதி) சில மி.மீ. கீழே இருக்கும். பிம்பம் அந்த வளையத்தில் விழும்போதுதான் கூர்மையாகத் தெரியும். அதை 5 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், உங்கள் பிம்பம் அடாப்டர் விளிம்புக்கு 10 மி.மீ. கீழே, அதாவது குழலின் மேற்பரப்பிலிருந்து 70 மி.மீ. உயரத்தில் விழ வேண்டும். அளந்ததும் இதற்கு அருகில் வந்தால் நம் கணக்கு சரி. வேறாக வந்தால் அளந்ததையே நம்புங்கள். கீழே வரும் எண்களை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைச் சூரியனை வைத்து ஒருபோதும் செய்யக் கூடாது. தாள் பற்றிக்கொள்ளும், கண் போய்விடும்.

இனி, பிம்பத்தை எவ்வளவு வெளியே கொண்டுவருவது? வெறும் 5 மி.மீ. போதாது. எல்லா ஐபீஸும் ஒரே இடத்தில் கூர்மையாவதில்லை. சில 5, 6 மி.மீ. இன்னும் உள்ளே போகக் கேட்கும். கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் ஐபீஸ் உள்ளே போக வேண்டும். −4 பவர் உள்ளவருக்கு 25 மி.மீ. ஐபீஸில் 2.5 மி.மீ. இவற்றைக் கூட்டினால் 13 வருகிறது. கொஞ்சம் தாராளமாக 15 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

‘15 எதற்கு, 60 மி.மீ. நகர்த்திவிட்டால் கேமராவுக்கும் சேர்த்து வேலை முடிந்துவிடுமே’ என்று தோன்றும். அதைத் தடுப்பது உங்கள் துணை ஆடி. முதன்மை ஆடியிலிருந்து வரும் ஒளி கூம்பாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஆடியை மேலே நகர்த்தினால், அந்தக் கூம்பை இன்னும் அகலமான இடத்தில் துணை ஆடி பிடிக்க வேண்டியிருக்கும். இப்போது துணை ஆடியின் நடுவிலிருந்து பிம்பம்வரை உள்ள தொலைவு குழலின் பாதி 70-உம் மேலே 70-உம் சேர்ந்து 140 மி.மீ. இந்தத் தொலைவில் 27 மி.மீ. ஆடி 11 மி.மீ. வட்டத்துக்கு முழு ஒளி தருகிறது. 15 மி.மீ. நகர்த்தினால் அது 9 மி.மீ. ஆகும், 8 மி.மீ. நிலா அதற்குள் அடங்கிவிடும். 20 மி.மீ. நகர்த்தினால் 8 மி.மீ.க்குச் சற்று மேல். நிலா பூமிக்கு அருகில் வரும் நாட்களில் விளிம்பு மங்கத் தொடங்கும். 60 மி.மீ. நகர்த்தினால் ஏறக்குறைய 2 மி.மீ.தான் மிஞ்சும். அந்தச் சிறு வட்டத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் 114 மி.மீ. ஆடியின் முழு ஒளியையும் பெறாது. உங்கள் கருவிக்கு 15 மி.மீ. நல்ல அளவு என்று சொல்வது இதனால்தான்.

துளைபோடும் கருவியை எடுப்பதற்கு முன் தாங்கியின் பின்புறத்தைப் பாருங்கள். பூச்சு போட்டு வந்த ஆடியை மறுபடி மாட்டும்போது, ஆடாமல் இருக்கட்டும் என்று சீரமைப்புத் திருகுகளை (ஆடியின் சாய்வைச் சரிசெய்பவை) இறுக்கி, ஸ்பிரிங்குகளை முழுக்க நசுக்கிவிடுவது வழக்கமாக நடக்கிற தவறு. ஆடி தாழ்ந்து போனால் பிம்பமும் அதே அளவு உள்ளே போகும். எம்4 திருகு என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 0.7 மி.மீ. மூன்றையும் சமமாக ஏழு சுற்றுத் தளர்த்தினால் 5 மி.மீ. கிடைத்துவிடும், 25 மி.மீ. ஐபீஸில் விண்மீன் அன்று இரவே புள்ளியாகிவிடும். ஆனால் 15 மி.மீ. முழுவதையும் இந்த வழியில் எடுக்கப் பார்க்காதீர்கள். நீளத் திருகு வாங்கிப் போட்டாலும், மெல்லிய திருகுகளின் நுனியில் ஆடி ஆடிக்கொண்டிருக்கும். குழலைத் திருப்பும்போதெல்லாம் சீரமைப்பு கலையும். திருகில் 5 முதல் 7 மி.மீ. வரை போகலாம். மீதியைத் தாங்கியை நகர்த்தித்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் தாங்கி குழலுக்குள் நுழையும் வகை என்பதால் அது சுலபம். இரண்டு ஆடிகளையும் கழற்றி, துணியில் சுற்றி வேறு அறையில் வையுங்கள். இரும்புத் தூள் பட்ட ஆடியைத் துடைத்தால் புதுப் பூச்சில் கீறல் விழும். பழைய மூன்று துளைகளின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒவ்வொரு துளையின் மையத்திலிருந்தும் குழலின் வாயை நோக்கி, அச்சுக்கு இணையாகக் கோடு போடுங்கள். குழலின் பின்விளிம்பு நேராக இருந்தால் எல்லா அளவையும் அந்த விளிம்பிலிருந்தே எடுங்கள். மூன்றும் ஒன்றுபோல வரும். பழைய மையத்திலிருந்து 15 மி.மீ.யில் (திருகில் ஏற்கனவே எடுத்திருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொண்டு) பஞ்ச் அடித்து, முதலில் 2 மி.மீ. பிட், பிறகு திருகுக்கேற்ற பிட். டேப் ஒட்டியிருந்தால் எனாமல் பெயராது. இன்னும் வசதி வேண்டுமென்றால் வட்டத் துளைக்குப் பதிலாக 12-இலிருந்து 18 மி.மீ. வரை நீள்துளையாக அரமிட்டு, அகலமான வாஷர் போட்டு இறுக்கலாம். பிறகு 3 மி.மீ. இப்படியோ அப்படியோ மாற்ற வழி இருக்கும். உட்புறப் பிசிறை அரமிட்டுத் தேய்த்து, வெட்டிய விளிம்பில் பெயின்ட் தொட்டு, குழலை நன்றாகத் துடைத்த பிறகே ஆடிகளை உள்ளே கொண்டுபோங்கள். பழைய துளைகளைக் கருப்பு டேப்பால் உட்புறம் மூடிவிடுங்கள்.

நகர்த்துவது முதன்மை ஆடியை மட்டும்தான். துணை ஆடி ஃபோகசரின் நடுவுக்கு நேரே இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிம்பத்தை வெளியே கொண்டுவரத் துணை ஆடியைக் கீழே தள்ளுகிறவர்கள் உண்டு. அது ஃபோகசரின் மையத்தை விட்டு விலகிப் போய், பார்வை வட்டத்தில் ஒரு பக்கம் இருண்டுவிடும். தாங்கி குழலுக்கு வெளியே மூடிபோல் கவிழும் கருவிகளில் மட்டும் அறுக்கும் பேச்சு வரும். அப்போதும் ஆடிப் பக்கத்தில்தான் அறுக்க வேண்டும், வாய்ப் பக்கத்தில் அல்ல.

புது ஃபோகசர் இன்னொரு தொல்லையையும் கொண்டுவந்திருக்கலாம். 2 அங்குல ஃபோகசரின் நகரும் குழாய் நீளமானது. முழுக்க உள்ளே தள்ளும்போது அது குழலுக்குள் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் குழலின் உள் விட்டம் 136, ஆடி 114. சுவருக்கும் ஒளிக்கற்றைக்கும் நடுவே 11 மி.மீ. இடைவெளிதான். அதற்கு மேல் நீட்டினால் குழாய் ஒளியை மறைக்கும். கண்டுபிடிப்பது எளிது: பிரகாசமான விண்மீனைச் சற்றே கலங்கலாக்கிப் பார்த்தால், வட்டமான ஒளித்தட்டின் ஓரத்தில் கடித்து எடுத்ததுபோல் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். ஆடியை 15 மி.மீ. நகர்த்திய பிறகு குழாய் அவ்வளவு உள்ளே போக வேண்டியிராது என்பதால் பெரும்பாலும் இது தானாகவே தீரும். தீராவிட்டால் குழாயின் உள்முனையை வெட்டலாம். ஆனால் கிரேஃபோர்டில் பற்கள் இல்லை. குழாயின் தட்டையான பக்கத்தை ஓர் உருளைத்தண்டு அழுத்திப் பிடித்து, உராய்வால் நகர்த்துகிறது. குழாயை வெளியே முழுக்க இழுத்த நிலையிலும் அந்தத் தண்டுக்கும் எதிரேயுள்ள பேரிங்குகளுக்கும் பிடிமானம் இருக்கும்படி அளவு பார்த்து வெட்ட வேண்டும்.

கேமராவுக்கு வருவோம். கேனான் டி.எஸ்.எல்.ஆரில் லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து சென்சார் 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி-ரிங் வளையம் 11 மி.மீ. சேர்க்கிறது. ஆக 55. அதோடு ஃபோகசரின் 72, கேமரா மூக்கின் (ஃபோகசருக்குள் நுழையும் குழாய்) விளிம்பு 2 மி.மீ. என்று சேர்த்தால், சென்சார் குழலின் மேற்பரப்பிலிருந்து 129 மி.மீ. உயரத்துக்குக் கீழே வரவே முடியாது. பிம்பமோ நகர்த்திய பிறகும் 85-இல்தான் விழும். 44 மி.மீ. இடைவெளி. இந்த ஃபோகசரோடு, இந்தத் துணை ஆடியோடு, நேரடியாக இது நடக்காது. காசைச் செலவழிப்பதற்கு முன் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது.

நிலாவைப் படமெடுக்க மட்டும்தான் ஆசை என்றால், ஐபீஸில் கைபேசியைக் கவ்வும் கிளிப் ஒன்று போதும். கைபேசியின் லென்ஸ் உங்கள் கண்ணின் இடத்தில் நின்று பார்க்கிறது. குவியத்தை நகர்த்தும் தேவையே வராது.

டி.எஸ்.எல்.ஆரைத்தான் பயன்படுத்துவேன் என்றால் 2 மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றை நடுவில் போடுங்கள். பார்லோ கூம்பை நீட்டிப் பிம்பத்தை வெளியே தள்ளுகிறது. ஆனால் கேமராவின் 55 மி.மீ. கூடுவதால், 2 மடங்கு என்று எழுதியிருப்பது 2.5 முதல் 3 மடங்குவரை ஆகிவிடும். 8 மி.மீ. நிலா 20 மி.மீ.க்கு மேல் போய், ஏறக்குறைய 15 மி.மீ. உயரமுள்ள உங்கள் சென்சாரில் அடங்காது. பகுதி பகுதியாக எடுத்து ஒட்டலாம். நிலாப் பள்ளங்களுக்கு அது நல்ல வழிதான். கேமராவின் எடையில் கிரேஃபோர்டு மெல்ல நழுவும். அழுத்தத் திருகைக் கூட்டி, குவியம் பிடித்ததும் பூட்டுத் திருகைப் போட்டுவிடுங்கள்.

முழு நிலாவும் ஒரே படத்தில், பார்லோ இல்லாமல் வேண்டுமென்றால் ஃபோகசரைத்தான் மாற்ற வேண்டும். 40 மி.மீ. உயரமுள்ள குட்டை ஃபோகசர் கிடைத்தால், கேமராவுக்கு 97 மி.மீ. போதும். அப்போது ஆடியை 15-க்குப் பதில் 30 மி.மீ.க்குச் சற்று மேல் நகர்த்த வேண்டியிருக்கும். முழு ஒளி பெறும் வட்டம் 6.4 மி.மீ.க்குச் சுருங்கும், நிலாவின் விளிம்பில் லேசான மங்கல் வரும், படத்தைத் திருத்தும்போது சரிசெய்யக்கூடிய அளவுதான். ஐபீஸ்களுக்கு அப்போது பிம்பம் ரொம்ப வெளியே போய்விட்டதுபோல் இருக்கும். அதற்குக் கவலையில்லை, 35 அல்லது 50 மி.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது. ஐபீஸை வெளியே கொண்டுவருவது மலிவு. உள்ளே கொண்டுபோவதுதான் செலவு. எனவே எதையெல்லாம் மாட்டப் போகிறீர்களோ, அவற்றில் மிகவும் உள்ளே போகக் கேட்பதை வைத்தே ஆடியின் இடத்தை முடிவு செய்யுங்கள். கேமரா ஆசை உறுதியானது என்றால், ஃபோகசர் கைக்கு வந்து அதை அளந்து பார்க்கும்வரை 15 மி.மீ. துளையையும் போடாமல் காத்திருங்கள். 27 மி.மீ. துணை ஆடிக்கு 2 அங்குல ஃபோகசரால் பெரிய பயன் இல்லை. குட்டையான 1.25 அங்குல ஃபோகசர் இந்தக் கருவிக்குப் பொருத்தமானது என்றாலும், கேமராவின் மூக்கு குறுகலாக இருந்தால் சென்சாரின் மூலைகள் இருளும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

துணை ஆடியைப் பெரிதாக்கலாமா என்று கேட்பீர்கள். இப்போதுள்ள ஃபோகசரோடு, கேமராவை நேரடியாக மாட்டி, நிலா முழுவதும் சீரான ஒளி பெற 33 மி.மீ. ஆடி வேண்டும். அது முதன்மை ஆடியின் விட்டத்தில் 29 சதவீதத்தை மறைக்கும், இப்போது 24. வியாழனின் பட்டைகளைப் பார்ப்பதற்கு எஃப்/8 (குவியத் தொலைவு ஆடியின் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு) கருவி இவ்வளவு நன்றாக இருப்பதற்குச் சிறிய துணை ஆடியும் ஒரு காரணம். அதை இழக்காதீர்கள்.

இதே அறிகுறியோடு வரும் வேறு இரண்டு கருவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மற்ற வாசகர்களுக்கு உதவும். குழல் அரை மீட்டர் நீளம்தான் இருக்கும், ஆனால் குவியத் தொலைவு 1000 மி.மீ. என்று எழுதியிருக்கும். இந்தப் பேர்ட்-ஜோன்ஸ் வகையில் பெரும்பாலும் ஃபோகசரின் நகரும் குழாயின் உள்முனையில் ஒரு திருத்த லென்ஸ் இருக்கிறது. சுத்தம் செய்யும்போது அதைத் தேவையற்றது என்று எடுத்துவிட்டாலோ, ஃபோகசரையே மாற்றிவிட்டாலோ, பிம்பம் உள்ளே போய்விடும். அங்கே ஆடியை நகர்த்துவது தீர்வல்ல, லென்ஸை அதே இடத்தில் திரும்ப மாட்ட வேண்டும். இன்னொன்று, 24.5-ஐ 31.75 ஆக்குவதற்கென்று விற்கப்படும் மூலை ஆடி. அது ஒளிவிலகல் தொலைநோக்கிக்கு உரியது. நியூட்டன் வகையில் போட்டால் பாதை பல சென்டிமீட்டர் நீண்டு, குவியம் கைக்கே எட்டாது.

ஆடியை நகர்த்திய பிறகு சீரமைப்பை முதலிலிருந்து செய்யுங்கள். முதலில் ஃபோகசர் குழலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த குழலின் மேல் அடித்தட்டு சரியாக உட்காராவிட்டால், ஒரு பக்கத் திருகின் கீழ் மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம். அடுத்து துணை ஆடி, கடைசியாக முதன்மை ஆடி. அது முடிந்ததும் அட்டைக் குழாயால் நிலாவை மறுபடி அளந்து பாருங்கள். பிம்பம் அடாப்டர் விளிம்புக்கு 5 மி.மீ. மேலே வந்திருக்க வேண்டும். 25 மி.மீ. ஐபீஸில் விண்மீன் புள்ளியாகும்போது ஃபோகசர் ஏறக்குறைய 10 மி.மீ. வெளியே இருக்கும். அதற்குப் பிறகும் ஏதாவது ஐபீஸ் உள்ளே போக இடமில்லாமல் தட்டினால், முதலில் அடாப்டரின் 8 மி.மீ. விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பு 2 மி.மீ.க்கும் குறைவாக உள்ள தாழ்வான அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது. மறுபடி துளைபோடாமலே 6 மி.மீ. மிச்சமாகும்.